தீர்மான நோட்டை வாங்கிக்கொள்ளுங்கள், அம்மணி

கேள்வி: எனக்கு 37 வயசுங்க. சொந்த ஊர் மூலனூர்ப் பக்கம். ஏழாவது வரைக்கும் படிச்சேன், அப்புறம் ஸ்பின்னிங் மில்லுக்கு அனுப்பிட்டாங்க. இப்பத் திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் வேலை. வீட்டுக்காரர் பல்லடம் பக்கம் தறி ஓட்டறார். தமிழ் படிப்பேன், எழுத்துக்கூட்டி மெதுவாத்தான் வரும். எழுதறதுன்னா கை நடுங்குது. முன்னாடி இருந்த கம்பெனில கணக்கு முடிக்கறப்ப ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினாங்க, அதுல என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. மகளிர் குழுவுல என்னை ஊக்குநரா இருக்கச் சொன்னாங்க, நோட்டு எழுதணுமேன்னு பயந்து வேண்டாம்னுட்டேன். பொண்ணு ஒன்பதாவது படிக்கறா, பள்ளிக்கூடத்துல கூட்டம்னா எங்கிட்டச் சொல்லறதே இல்லை. எனக்குப் பத்தாவது எழுதணும்னு ஆசை. வீட்டுக்காரர், "இனிப் படிச்சுக் கலெக்டர் ஆகப்போறியா? ஊருக்குள்ள கம்பெனி வெச்சிருக்கறவன்ல பாதிப்பேர் படிக்காதவன்தான்"ங்கறார். இந்த வயசுல முடியுங்களா?

(கடிதத்தைச் சுருக்கி, எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருக்கிறேன்.)

பதில்:

அம்மணி, முடியும். வயசைப் பற்றிய பயத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். தனித்தேர்வராக, அதாவது பள்ளிக்கூடத்தில் சேராமல், பத்தாவது எழுதக் குறைந்தபட்ச வயது என்று ஒன்று உண்டு, இத்தனை வயசுக்கு மேல் எழுதக் கூடாது என்று எதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்து, ஓய்வுக்குப் பிறகு உங்களைப் போன்றவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்துவருகிறேன். பேரன் பேத்தி எடுத்த பிறகு தேர்வுக்கு வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பத்தாவதைப் பற்றிக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தை ரெண்டு மூணு தடவை படித்ததில் எனக்குப் பட்டது வேறு. உங்களை உறுத்திக்கொண்டிருப்பவை மூன்று: என்னவென்று தெரியாமல் போட்ட கையெழுத்து, வேண்டாம் என்று தள்ளிய குழு நோட்டு, மகள் மறைக்கிற பள்ளிக்கூடக் கூட்டம். நாளைக்கே யாராவது பத்தாவது பாஸ் என்று ஒரு சான்றிதழை உங்கள் கையில் கொடுத்தாலும் இந்த மூன்றும் அப்படியேதான் இருக்கும். மூன்றும் பேனா பிடிக்கிற விஷயம். சான்றிதழுக்கு முன்னால் உங்களுக்கு வேண்டியது எழுத்து, அதுவும் நீங்களாக யோசித்து நீங்களாக எழுதுகிற எழுத்து.

எழுத வராது என்கிறீர்கள், ஆனால் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். மகளின் ரஃப் நோட்டில் கிழித்த தாள், பென்சில் எழுத்து, வரி மேலே ஏறி ஏறிப் போகிறது, பல இடங்களில் அழித்து எழுதியிருக்கிறீர்கள். 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, 'ற'வும் 'ர'வும் இடம் மாறியிருக்கின்றன. இருக்கட்டும். மேலே சுருக்கியதில் நான் விட்டுவிட்ட ஒரு வரி அந்தக் கடிதத்தில் இருக்கிறது: "மில்லுக்குப் போன அன்னைக்குத் துணியெல்லாம் என்னோட புஸ்தகப் பையிலதான் வெச்சுக் கொண்டு போனனுங்க." நான் வகுப்பில் கட்டுரை நோட்டு திருத்தி எத்தனையோ வருஷம் கழித்திருக்கிறேன், இப்படி ஒரு வரி எழுதிய பிள்ளைகள் ரொம்பக் குறைவு. சொல்ல வேண்டியதை ஒரு சொல்கூட வீணாக்காமல் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதை எந்த வகுப்பிலும் கற்றுக்கொடுக்க முடியாது. ஒற்றெழுத்து எங்கே போடுவது என்பதைத் தாராளமாகக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

படிப்பு பாதியில் நின்றதைக் குற்றம் போல எழுதியிருக்கிறீர்கள், அதையும் கொஞ்சம் பேசிவிடலாம். 2000-களின் தொடக்கத்தில் அடுத்தடுத்து மழை பொய்த்த வருஷங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். மூலனூர், வெள்ளக்கோவில், தாராபுரம் சுற்றிலும் மானாவாரிக் காடும், மேய்ச்சல் நிலமான கொறங்காடும்தான், போர்க்கிணறு வற்றினால் ஆடு மாட்டை விற்பதைத் தவிர வழியில்லை. அந்த நேரத்தில் பார்த்து மில் தரகர்கள் வீடு வீடாக வந்தார்கள். மூணு வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை மொத்தமாகக் கையில் கிடைக்கும் என்றார்கள், சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயரும் இருந்தது. 14 வயது நிறையாத பிள்ளையைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்று 1948-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது, அதனால் வயசைக் கூட்டிச் சொல்லிச் சேர்த்தார்கள். எட்டு வருஷப் படிப்பைக் கட்டாயமாக்கிய கல்வி உரிமைச் சட்டம் 2010-இல்தான் நடைமுறைக்கு வந்தது, உங்களுக்கு அது உதவவில்லை. நீங்கள் மக்கு என்பதால் படிப்பு நிற்கவில்லை, அம்மணி. வீட்டுக் கஷ்டத்துக்கு உங்களை எடுத்துக்கொண்டார்கள். இதை நான் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. 'நமக்குப் படிப்பு ஏறாது' என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்கு வருகிறவர்கள் முதல் மாசத்திலேயே நின்றுவிடுகிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். படிப்பது ஏன் மெதுவாக இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது கவனம் முழுக்க எழுத்திலேயே போய்விடுகிறது, வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதலில் படித்தது மறந்துவிடுகிறது, அதனால்தான் படித்தும் ஒன்றும் புரியாதது போல இருக்கிறது. ஒரே சொல்லைப் பல தடவை பார்த்துப் பழகிவிட்டால் எழுத்துக்கூட்டாமலே சொல் முழுசாகக் கண்ணில் படும். உங்களுக்கு இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. தாராபுரம், காங்கயம், பல்லடம் என்ற பஸ் போர்டுகளை நீங்கள் எழுத்துக்கூட்டியா படிக்கிறீர்கள்? ஆகவே, புதுசு புதுசாகப் படிப்பதைவிட, ஒரே சின்னச் செய்தியை மூன்று தடவை வாய்விட்டுப் படியுங்கள். மூன்றாவது தடவையில் வேகம் தெரியும். அதற்குத் தினத்தந்தி நல்லது. 1942-இல் சி.பா. ஆதித்தனார் அதைத் தொடங்கியபோதே, அதிகம் படிக்காதவர்களும் படிக்கிற தமிழில் இருக்க வேண்டும் என்று நினைத்து நடத்தியதுதான், இந்தத் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் டீக்கடைப் பெஞ்சில் அதை வைத்துத்தான் படிக்கப் பழகினார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருகிறவரிடம் தினமும் ஒரு மணி நேரம் படி என்று சொல்ல எனக்கு மனசு வராது. டீ நேரத்தில் ஒரே ஒரு செய்தி, அது போதும்.

நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். நம் ஊர்களில் நூலகம் என்றால் பரீட்சைக்குப் படிக்கிற பசங்களுக்கும் பேப்பர் பார்க்கிற பெரியவர்களுக்கும் உள்ள இடம் என்று பெண்கள் உள்ளேயே போவதில்லை, இது எனக்குப் பெரிய ஆதங்கம். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், வாடகை வீடு என்றாலும் உங்களுக்கும் அதில் உரிமை உண்டு. அந்த ஏற்பாட்டுக்குச் சட்டம் கொண்டுவந்தவர் உங்கள் திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் செட்டியார்தான். சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்து 1948-இல் அவர் நிறைவேற்றிய பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம். ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகம் திறந்திருக்கிறதா என்று விசாரித்து, மகளையும் கூட்டிக்கொண்டு போய் உறுப்பினர் ஆகிவிடுங்கள். குழந்தைகள் அலமாரியில் பெரிய எழுத்தில் புத்தகங்கள் இருக்கும், கூச்சப்படாமல் அதிலிருந்தே எடுங்கள்.

இப்போது எழுத்து. குழுவில் ஊக்குநர் பொறுப்பை அடுத்த தடவை கேட்டால் ஒத்துக்கொள்ளுங்கள், கேட்காவிட்டால் நீங்களே போய், "நோட்டை நான் எழுதறேனுங்க"ன்னு சொல்லுங்கள். உங்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடத்தை என்னால் காட்ட முடியாது. தமிழ்நாட்டில் அரசு சார்பில் மகளிர் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கின. அன்றிலிருந்து இன்றுவரை, கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த எத்தனையோ பெண்கள் கையெழுத்துக்கும், கையெழுத்திலிருந்து கணக்குக்கும் வந்தது இந்தக் குழு நோட்டுகளால்தான். தீர்மான நோட்டு என்பது நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிய எழுத்தும் கிடையாது. ஒரு கூட்டத்துக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான் பாருங்கள்:

"இன்று ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூட்டம் நடந்தது. 12 பேரில் 10 பேர் வந்தார்கள். சேமிப்பு ரூ.1,000 வசூலானது. பழைய கடனில் ரூ.4,500 திரும்பி வந்தது. ஒரு உறுப்பினர் மகன் கல்லூரிக் கட்டணத்துக்கு ரூ.10,000 கடன் கேட்டார், கொடுக்கலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம்."

கீழே எல்லோரும் கையெழுத்து. இதில் உங்களுக்குத் தெரியாத சொல் ஒன்று இருக்கிறதா? முதல் ரெண்டு மூணு கூட்டம் பழைய பக்கத்தைப் பார்த்து அதே மாதிரி எழுதுங்கள், தேதியும் தொகையும் பெயரும் மட்டும்தான் மாறும். நாலாவது கூட்டத்தில் ஏதாவது ஒன்று புதுசாக நடக்கும், ஒருத்தர் தவணை கட்டாமல் சண்டை வரும், வங்கியிலிருந்து ஆள் வருவார், அதை எழுதப் பழைய பக்கத்தில் மாதிரி இருக்காது. அந்த இடத்தில் நீங்களாக ஒரு வரி யோசித்து எழுதுவீர்கள் பாருங்கள், ஏழாவதோடு நின்றுபோன படிப்பு அங்கேதான் மறுபடி தொடங்குகிறது. நம் பள்ளிக்கூடங்களில், நான் வேலை பார்த்த இடத்தையும் சேர்த்தே சொல்கிறேன், போர்டில் இருப்பதைப் பார்த்து எழுத வைக்கிறோம், கேள்வி பதிலை மனப்பாடம் செய்து எழுத வைக்கிறோம். பிள்ளை தன் மனசில் இருப்பதை எழுத நேரம் ஒதுக்குவது குறைவு. அதனால்தான் கல்லூரி முடித்த பசங்களே ஒரு விடுப்புக் கடிதம் எழுதத் திணறுகிறார்கள். நீங்கள் ஏழாவதில் நின்றதால் பின்தங்கிவிட்டதாக நினைக்கிறீர்கள், இந்த ஒரு விஷயத்தில் அவர்களும் நீங்களும் ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

பிழை வரும். வந்தால் அடித்துவிட்டு மேலே எழுதுங்கள். குழுவில் படித்த மருமகள் யாராவது சிரித்தால், "சரியா எப்படி எழுதறதுன்னு சொல்லு கண்ணு" என்று கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

கையெழுத்து விஷயம் எனக்கு உள்ளபடியே வருத்தமாக இருந்தது. இனிமேல் எந்தத் தாளை நீட்டினாலும், "படிச்சுப் பார்த்துட்டுப் போட்டுத் தர்றேனுங்க" என்று சொல்லுங்கள். சண்டை போடுகிற மாதிரி வேண்டாம், சாதாரணமாகச் சொல்லுங்கள். அவசரம் என்று நெருக்கினால் போட்டோ எடுத்துக்கொள்ளக் கேளுங்கள், அதற்கும் விடவில்லை என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அந்தப் பழைய கம்பெனியில் எத்தனை வருஷம் இருந்தீர்கள் என்று எழுதவில்லை. தொடர்ந்து ஐந்து வருஷம் வேலை பார்த்திருந்தால் வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உங்களுக்கு வர வேண்டும், கிராஜுவிட்டி என்பார்கள். அது கணக்கில் சேர்ந்ததா என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்திலும், பி.எப். பணம் என்ன ஆனது என்பதை பி.எப். அலுவலகத்திலும் போய்க் கேளுங்கள். போகும்போது எந்த மாசம் சேர்ந்தீர்கள், எந்த மாசம் நின்றீர்கள், கடைசிச் சம்பளம் எவ்வளவு, கணக்கு முடித்தபோது கையில் எவ்வளவு வந்தது என்று ஒரு தாளில் நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். வாயால் சொல்லும்போது பாதியில் மறித்துப் பேசுவார்கள், எழுதிக் கொடுத்தால் படித்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்காரர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். அவர் கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்கிறார். கட்டிங் மாஸ்டராக இருந்து கம்பெனி வைத்தவர்கள், நாலு தறியில் தொடங்கி நாற்பது தறி ஆனவர்கள் நம் பக்கத்தில் உண்டுதான், அவர்கள் உழைப்புக்கு நான் கும்பிடு போடுவேன். ஆனால் அவர்களுக்குக் கணக்கு எழுத ஒருவர், ஆடிட்டர் ஒருவர், வெளிநாட்டு ஆர்டரைப் படித்துச் சொல்ல ஒருவர் என்று சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. உங்களுக்குப் படித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? இதை அவரிடம் பொறுமையாகக் கேளுங்கள். பல இயந்திரங்களைக் கண்டுபிடித்த கோவை ஜி.டி. நாயுடு பேரை எடுத்தாரானால் அதற்கும் பதில் இருக்கிறது. கோவைக்குப் பக்கத்தில் கலங்கலில் 1893-இல் பிறந்த அந்த மனுஷருக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை என்பது உண்மை. ஆனால் அவரே தேடித் தேடிப் படித்தார், 1945-இல் கோவையில் பொறியியல் படிப்புக்கு ஒரு கல்லூரி உண்டாகவும் காரணமாக இருந்தார், இன்றைக்கு அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று இருப்பது அதுதான். படிப்பு வேண்டாம் என்று நினைத்தவர் செய்கிற காரியமா அது? இன்னொன்று, நீங்கள் படிப்பதில் வீட்டுக்காரருக்கு உள்ளூர ஒரு கூச்சம் இருக்கலாம், அவர் எதுவரை படித்தார் என்று நீங்களும் எழுதவில்லை. வாரத்தில் ஒருநாள் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துத் தறிக் கூலிக் கணக்கைச் சேர்ந்து எழுதிப் பாருங்கள். கேலி குறையும்.

மகள் விஷயம் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியது. அவளுக்கு உங்கள் மேல் பாசம் இல்லாமல் இல்லை, ஒன்பதாவது படிக்கிற வயசுக்கே உரிய வெட்கம் அது, மற்ற பிள்ளைகள் முன்னால் அம்மா ஒரு படிவத்தை நிரப்பத் தெரியாமல் நின்றுவிடுவாளோ என்ற பயமும் சேர்ந்திருக்கும். அவளைத் திட்டாமல், நீங்களே வகுப்பு ஆசிரியருக்குப் போன் போட்டு அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு, அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயரை நீங்களே நிதானமாக எழுதுங்கள். அவளையே உங்களுக்கு டீச்சராக வைத்துக்கொள்ளலாமா என்றால், கொஞ்சமாக வைத்துக்கொள்ளலாம், முழுக்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் பொறுமை சீக்கிரம் போய்விடும், "இதுகூடத் தெரியாதா" என்று ஒரு சொல் வந்தால் உங்களுக்குத் தாங்காது. அவளுடைய சமூக அறிவியல் பாடத்தை அவள் உரக்கப் படிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் தொடருங்கள். அவளுக்கும் படித்தது போலாகும்.

பன்னிரண்டாவது முடித்ததும் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொந்தத்தில் பேச்சு வரும், நீங்களே கடிதத்தின் ஓரத்தில் அதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் மட்டும் கெட்டியாக நில்லுங்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாசம் ரூ.1,000 அவள் வங்கிக் கணக்குக்கே வருகிற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்து நடக்கிறது. பணம் இல்லை என்ற காரணத்தைச் சொல்கிறவர்களுக்கு முதல் பதிலாக அது இருக்கட்டும்.

இனிப் பத்தாவது. நீங்கள் முதலில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதுங்கள் என்பேன். ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதிக் கை பழக வேண்டும், ஹால் டிக்கெட், தேர்வு அறை இதெல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டால் படபடப்பு அடங்கும். பத்தாவதில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 35 மதிப்பெண் வேண்டும். ஒரே தடவையில் எல்லாம் வர வேண்டும் என்பதில்லை, தவறிய பாடத்தை மட்டும் மறுபடி எழுதலாம். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. தனித்தேர்வர்கள் அந்தச் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே தனியாகப் பெயர் பதிய வேண்டும், தேர்வுக்கு விண்ணப்பித்தால் போதும் என்று நினைத்து இதை விட்டுவிட்டு ஒரு வருஷம் தள்ளிப்போனவர்கள் என் வகுப்பிலேயே உண்டு, மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம்தான் மலைப்பாக இருக்கும் என்று தெரியும். ஆனால் நாளெல்லாம் லேபிளில் சைஸும் வாஷ்கேர் வரிகளும் பார்த்துத்தானே பீஸைப் பிரித்துப் போடுகிறீர்கள்? வேண்டாமென்று போடுகிற ஒரு லேபிளை வீட்டுக்குக் கொண்டுவந்து மகளிடம் கேட்டு ஒவ்வொரு சொல்லாக எழுதிப் பழகுங்கள். தெரிந்த சொல்லிலிருந்து தொடங்கினால் மற்றது வரும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. அடுத்து ஊருக்கு நோம்பிக்குப் போகும்போது பள்ளிக்கூட வேலை நாளாக ஒருநாள் சேர்த்துத் தங்கி, நீங்கள் படித்த பள்ளியில் தலைமையாசிரியரைப் பார்த்து உங்கள் பதிவுத்தாளைக் கேளுங்கள். பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் தோராயமாக ஒரு தேதியைப் பிறந்த தேதியாக எழுதியிருப்பார், மில்லுக்காக வேறொரு வயசு சொல்லியிருப்பார்கள், ஆதாரில் இன்னொன்று இருக்கும். உங்கள் வயசுக்காரர்களில் பலருக்கு இந்தச் சிக்கல் இருக்கிறது. பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எட்டாவதுக்கு விண்ணப்பம் போடும் முன்பே சரிசெய்துவிடுங்கள். சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு திருத்துவதென்றால் அலைச்சல் பல மடங்கு.